மரமில்லாத இலைகள்

1

ஐந்தரை மணிக்கெல்லாம் கேன்கள் வரிசைக்கு வந்துவிட்டன. தாராபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். தனியார் பால் கம்பெனி ஒன்றின் சேகரிப்பு மையம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மின்னணுத் தராசு, பாலில் கொழுப்பு அளக்கும் ஒரு மெஷின், ஒரு மேசை. மேசைமேல் ஒரு டேப்லெட். அதில் ஓடுவது நாங்கள் எட்டு மாதம் உழைத்து எழுதிய செயலி. எதையும் தொடாமல், எதுவும் சொல்லாமல், ஓரமாக நின்று பார்ப்பதற்காக நான் போயிருந்தேன்.

முதல் ஆள் பால் ஊற்றினார். மையத்தை நடத்தும் ஏஜென்ட் அண்ணன் அவருடைய எண்ணைத் தட்டி எடையைப் போட்டார். சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து மெஷினில் வைத்தார். மெஷின் முடிவு சொல்ல ஒரு நிமிஷம் போல ஆகும். அதற்குள் அடுத்தவர் கேனைக் கவிழ்த்துவிட்டார். அவருடைய எடையைப் போட வேண்டும். செயலி விடவில்லை. முதல் ஆளின் பதிவில் கொழுப்பு அளவுக்கான கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது, சேமிக்காமல் அடுத்த பதிவுக்குப் போக முடியாது.

“ஏனுங்க தம்பி, இது அடுத்த ஆளுக்குப் போகாதுங்களா?”

வரிசை நின்றது. அதோடு முடியவில்லை. மெஷின் முடிவு சொல்லி, பதிவு சேமிக்கப்பட்டு, முதல் ஆள் நகராமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சீட்டு வேண்டும். எத்தனை லிட்டர், என்ன ஃபேட், என்ன விலை என்று அச்சடித்த சீட்டு. பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா நடக்கும்போது கம்பெனிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

“சீட்டு அடுத்த வெர்ஷன்ல வருமுங்ணா” என்றேன். பின்னால் நின்ற ஒரு பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஏஜென்ட் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்து, காதில் சொருகியிருந்த பென்சிலால் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவருக்கு இரட்டை வேலை. காலையில் நோட்டில் எழுதுவது, வரிசை கலைந்தபிறகு உட்கார்ந்து அதையே டேப்லெட்டில் ஏற்றுவது. பதினோராவது நாள் டேப்லெட்டை அணைத்து பீரோவில் வைத்துவிட்டார்.

பெங்களூருக்குத் திரும்பி எங்கள் வேலைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எடைப் பதிவு: முடிந்தது. கொழுப்பு அளவுப் பதிவு: முடிந்தது. மேலாளருக்கான மாவட்டவாரி அறிக்கை: முடிந்தது. சீட்டு அச்சிடுதல்: அடுத்த கட்டம். ஒவ்வொரு வரியும் சோதிக்கப்பட்டு, பச்சை நிறமாகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எங்கேயும் பிழை இல்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் அரை மணி நேரம்கூட ஓட முடியாத ஒன்றைத்தான் எட்டு மாதமாகக் கட்டியிருந்தோம்.

எங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியையும் மென்பொருள் உலகம் ‘யூசர் ஸ்டோரி’ என்று அழைக்கிறது. பயனரின் கதை. கதை என்று பெயர் வைத்த ஒன்றில் முன்னும் பின்னும் எப்படிக் காணாமல் போனது என்ற கேள்வியோடுதான் இந்த வரலாற்றைத் தேடிப் போனேன்.

2

மென்பொருளில் ‘என்ன கட்டவேண்டும்’ என்பதை எழுதிவைப்பதற்கு முதலில் இருந்தது ஆவணம். நூற்றுக்கணக்கான பக்கங்கள், எண்ணிட்ட பத்திகள், கடைசியில் கையெழுத்து. தேவைகளை முதலில் முழுதாக எழுது, பிறகு வடிவமை, பிறகு நிரலெழுது, பிறகு சோதி. இந்த அடுக்குமுறைக்கு ‘வாட்டர்ஃபால்’ என்று பெயர். அதன் மூலமாகச் சொல்லப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையில் வாட்டர்ஃபால் என்ற சொல்லே கிடையாது. பெட்டிகள் படிப்படியாக இறங்கும் படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை அழைப்பது மாதிரி என்று ராய்ஸே எச்சரிக்கிறார். படம் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை. 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்த 2167 என்ற மென்பொருள் தரவிதி, அந்த அடுக்குமுறையைப் பெரிய ஒப்பந்தங்களில் நிலைநிறுத்தியது.

ஆவணத்தின் கோளாறு அதன் நீளம் மட்டுமில்லை. அது முழுமையாக இருப்பதுபோல் தோன்றும். இருவர் ஒரே பக்கத்தைப் படித்து, இரண்டு வெவ்வேறு பொருட்களை மனதில் கட்டிக்கொண்டு, “சரி, புரிந்தது” என்று கைகுலுக்க முடியும். வித்தியாசம் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னப் பொருள் வந்தது. நூலகத்து இழுப்பறைகளில் அடுக்கிவைப்பார்களே, அந்த அட்டை. அறிவைச் சின்னத் தாள்களில் பிரித்து எழுதி, கலைத்து அடுக்கும் பழக்கம் பழையது. புரட்சிக்கால பிரான்சில், 1791-இல், தேவாலயங்களிடமிருந்து பறிமுதல் செய்த புத்தகங்களைப் பட்டியலிடச் சீட்டுக்கட்டு அட்டைகளைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அன்றைய சீட்டுகளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், எழுதலாம். அட்டைக்கு ஒரு குணம் உண்டு. அதை நகர்த்தலாம். புத்தகத்தில் எழுதியதன் இடம் நிலையானது. அட்டையின் இடத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஒன்றாக வேலைபார்த்த கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருள்சார் நிரலாக்கத்தைக் கற்பிக்க ஒரு வழி. நிரலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அட்டை, அதில் அந்தப் பாகத்தின் பொறுப்பும் கூட்டாளிகளும். யாராவது ஒருவர் அட்டையைக் கையில் எடுத்து, தானே அந்தப் பாகமாகி, “இப்போ எனக்கு இந்தத் தகவல் வருது, நான் இவரைக் கேட்பேன்” என்று நடித்துக் காட்டவேண்டும். ஒன்றோடொன்று நெருங்கி வேலைசெய்யும் அட்டைகளை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படும்படி வைக்கச் சொல்கிறார்கள். அதாவது அட்டையில் எழுதியிருப்பதற்கு ஒரு பொருள், அட்டை வைக்கப்பட்ட இடத்துக்கு இன்னொரு பொருள். இந்த இரண்டாவது பொருளைத்தான் பின்னால் வந்தவர்கள் மறந்தார்கள். அதை மீட்க இன்னும் பதினாறு வருஷம் ஆனது.

3

யூசர் ஸ்டோரி பிறந்த இடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு. பழைய சம்பள மென்பொருட்களை எல்லாம் ஒன்றாக்கும் திட்டம். சுருக்கமாக சி3. 1990களின் முற்பாதியில் தொடங்கி, 1996 வரை ஒரு சம்பளச் சீட்டைக்கூட அச்சடிக்கவில்லை. அந்த வருஷம்தான் கென்ட் பெக் ஆலோசகராக வருகிறார். கூடவே ரான் ஜெஃப்ரீஸ்.

பெக் ஆவணத்தை ஓரம் வைத்தார். சம்பளக் கணக்கு தெரிந்த ஒருவரை, வாடிக்கையாளரின் பிரதிநிதியாக, நிரலாளர்கள் நடுவிலேயே உட்காரவைத்தார். அவர் வாயால் சொல்லவேண்டும்: இந்த வகை ஊழியருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் இப்படி வரும், தொழிற்சங்கச் சந்தா இப்படிப் பிடிப்போம். சொன்னதன் தலைப்பு மட்டும் ஒரு அட்டையில். அட்டை சின்னது, எல்லாவற்றையும் எழுத அதில் இடமில்லை. இடமில்லாததுதான் அதன் நோக்கம். எழுத முடியாததைப் பேசித்தான் ஆகவேண்டும். நிரலாளர்கள் அட்டையைப் பார்த்து எவ்வளவு நாளாகும் என்று சொல்வார்கள். அடுத்த சில வாரங்களுக்கு எந்த அட்டைகள் என்று வாடிக்கையாளர் பொறுக்கி எடுப்பார்.

1997-இல் சுமார் 10,000 பேருக்கு அந்த மென்பொருள் சம்பளம் போட்டது. சொன்ன தேதிக்கு ஓரிரு மாதம்தான் தாமதம். இந்த அனுபவத்திலிருந்து பெக் 1999-இல் ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ பற்றிய புத்தகத்தை எழுதினார். ஒரு தலைமுறை நிரலாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

கதையின் மறுபாதியைக் குறைவாகத்தான் சொல்கிறார்கள். மென்பொருள் ஓட ஆரம்பித்த சில மாதங்களில், நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்த அந்த வாடிக்கையாளர் பிரதிநிதி, வேலைப்பளு தாங்காமல் விலகிவிட்டார். அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை. மீதி ஊழியர்களுக்கு விரிவாக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனது. இடையில், 1998-இல், கிரைஸ்லர் டைம்லரோடு இணைந்தது. 2000 பிப்ரவரியில் சி3 நிறுத்தப்பட்டது.

இதை வைத்து எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் தோற்றது என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சம்பளம் என்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எதற்குப் பின் எது என்ற முழு வரைபடம் ஒரு மனுஷியின் தலைக்குள் இருந்தது. அட்டைகள் அந்த வரைபடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்த துண்டுகள். அவர் இருந்தவரைக்கும் துண்டுகள் போதும், ஏனென்றால் முழுசு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்து போனதும் எஞ்சியது துண்டுகள் மட்டும்.

4

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். பெக், கன்னிங்ஹாம், ஜெஃப்ரீஸ் மூவரும் அதில் உண்டு. அதே வருஷம் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி என்பதற்கு மூன்று பாகங்கள் என்று விளக்கினார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். அட்டை ஒரு நினைவூட்டல். உரையாடல்தான் உடம்பு. கட்டியது சரிதானா என்று சேர்ந்து சோதித்துக்கொள்வது உறுதிப்படுத்தல்.

அந்தக் காலத்திலேயே லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் ஒரு வாக்கிய அச்சு உருவானது. இன்ன பயனராக, எனக்கு இன்னது வேண்டும், இன்ன பயனுக்காக. யாருக்கு, என்ன, ஏன் என்ற மூன்றையும் மறக்காமல் கேட்கவைக்கும் நல்ல ஏற்பாடு. 2004-இல் மைக் கோன் எழுதிய யூசர் ஸ்டோரி பற்றிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. என் முதல் வேலையில் முதல் வாரமே எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த அச்சைத்தான். யாரோடும் பேசாமலேயே நாளைக்கு இருபது ஸ்டோரி எழுதலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன். ‘ஏஜென்டாக, எனக்கு எடையைப் பதியவேண்டும், கணக்குக்காக.’ இலக்கணம் சரி. எழுதிய நான் அதுவரை ஒரு பால் சேகரிப்பு மையத்தையும் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம், கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-இல் முன்வைத்த ஸ்க்ரம் முறையில் ‘பேக்லாக்’ இருந்தது. செய்யவேண்டியவற்றின் ஒற்றைப் பட்டியல். முக்கியமானது மேலே, அல்லாதது கீழே. குழு மேலிருந்து எடுத்துச் செய்துகொண்டே வரும். தன்னளவில் நேர்மையான கருவி. அடுத்து எதைச் செய்வது என்ற சண்டைக்கு அது முடிவு கட்டியது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் அட்டைகள் ஸ்க்ரமின் பட்டியலுக்குள் நுழைந்தன. 2002-இல் ஜிரா வந்தது. இந்த மாதிரிக் கருவிகள் பரவியதும் அட்டை மேசையிலிருந்து திரைக்குப் போனது. திரையில் ஒரு அட்டைக்கு இருக்கக்கூடிய ஒரே இடம், இன்னொரு அட்டைக்கு மேலே அல்லது கீழே.

மேசைக்கு நீளமும் அகலமும் உண்டு. பட்டியலுக்கு ஒரே திசைதான். அந்தத் திசையை முன்னுரிமை எடுத்துக்கொண்டது. காலத்துக்கு, அதாவது ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்பதற்கு, இடமே இல்லாமல் போனது. கதையிலிருந்து ‘அப்புறம்’ போய்விட்டால் மிச்சம் என்ன?

எங்கள் பட்டியலில் நடந்ததும் இதுதான். எடைப் பதிவு மூன்றாவது வரி. கொழுப்புப் பதிவு பதினான்காவது வரி. சீட்டு எழுபதுக்கும் கீழே எங்கேயோ. மாவட்ட அறிக்கையைக் கேட்டவர் கம்பெனி மேலாளர், கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். சீட்டு கேட்ட பாட்டி கூட்டத்தில் இல்லை.

5

பயனரை யார் புரிந்துகொள்வது என்பதில் அப்போதே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆலன் கூப்பர் ‘விஷுவல் பேசிக்கின் தந்தை’ என்று அழைக்கப்படுபவர். நிரலெழுதுவதை விட்டுவிட்டு, மென்பொருள் மனிதர்களோடு எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று வடிவமைப்பதைத் தொழிலாக்கிக்கொண்டவர். 2002 ஜனவரியில் அவரையும் கென்ட் பெக்கையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்ட ஒரு நீண்ட நேர்காணல் வெளிவந்தது. ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே பயனரின் நடத்தையை ஆழமாகப் படித்து வடிவமைத்துவிட வேண்டும் என்பது கூப்பரின் கட்சி. அப்படித் தனியாக முன்கூட்டி ஒரு கட்டம் வைத்தால் பழைய அடுக்குமுறைக்கே திரும்பிவிடுவோம், கட்டிக்கொண்டே கற்போம் என்பது பெக்கின் கட்சி. இருவரும் சமாதானம் ஆகவில்லை.

ஒருவரிடம் முழுமை இருந்தது, ஆனால் அது தாமதமாக வரும். இன்னொருவரிடம் வேகம் இருந்தது, ஆனால் துண்டு துண்டாக. நடுவில் வேலைசெய்துகொண்டிருந்தவர் ஜெஃப் பாட்டன். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் குழுக்களில் இருந்துகொண்டே, லாரி கான்ஸ்டன்டைனும் லூசி லாக்வுட்டும் உருவாக்கிய பயன்பாட்டு மைய வடிவமைப்பைக் கலந்து பார்த்தவர். அந்த முறையில் கேள்வி ‘மென்பொருளில் என்ன வசதி வேண்டும்’ என்று தொடங்காது. ‘இந்த ஆள் என்ன வேலையை முடிக்கப் பார்க்கிறார்’ என்று தொடங்கும். அந்தக் கலப்பைப் பற்றி 2002-லேயே ஒரு அனுபவக் கட்டுரை எழுதினார்.

2005 ஜனவரியில் ‘பெட்டர் சாஃப்ட்வேர்’ இதழில் வந்த கட்டுரையில் பாட்டன் சொன்னது கேட்பதற்கு ரொம்ப எளிமையானது. அட்டைகளை ஒரே வரிசையில் அடுக்காதீர்கள், இரண்டு திசைகளில் பரப்புங்கள். இடமிருந்து வலமாக, பயனர் செய்கிற வரிசை. மேலிருந்து கீழாக, எது இல்லாமல் வேலையே நடக்காதோ அது மேலே, எது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாமோ அது கீழே. பிறகு ஒரு கோட்டைக் கிடைமட்டமாகப் போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது முதல் வெளியீடு. ‘ஸ்டோரி மேப்’ என்ற பெயர் இதற்குப் பிற்பாடுதான் நிலைத்தது.

2008-இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் பாட்டன் பேக்லாக்கின் குறையைச் சொல்ல ஒரு உவமை பிடித்தார். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி, ஒரு மரத்தையே புரிந்துகொள்கிறோம்: அடிமரம், கிளை, இலை. அப்புறம் இலைகளை மட்டும் பறித்து ஒரு மூட்டையில் கட்டிக்கொண்டு மரத்தை வெட்டிப் போடுகிறோம். மூட்டையில் இருப்பது வெறும் குப்பை இலை. படித்தபோது எங்கள் பச்சை நிறப் பட்டியல்தான் கண்முன் வந்தது.

6

ஸ்டோரி மேப் எப்படி வேலைசெய்கிறது என்பதைப் புரிய வைக்கப் பாட்டன் பயன்படுத்தும் பயிற்சியை நீங்களும் செய்து பார்க்கலாம். இன்று காலை தூங்கி எழுந்ததிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை செய்ததையெல்லாம் எழுதுங்கள், ஒரு தாளுக்கு ஒரு செயல். அலாரத்தை அணைத்தேன், பல் தேய்த்தேன், பால் காய்ச்சினேன், காபி போட்டேன், குளித்தேன், வண்டிச் சாவியைத் தேடினேன். இடமிருந்து வலமாக அடுக்குங்கள். பக்கத்து ஆளோடது வேறு மாதிரி இருக்கும். ஒருவர் சாமி கும்பிட்டிருப்பார், ஒருவர் நாயை நடைக்குக் கூட்டிப் போயிருப்பார். இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கினால் நாலைந்து கொத்துகள் தெரியும்: எழுவது, சுத்தமாவது, சாப்பிடுவது, கிளம்புவது. கொத்துகளின் பெயரை மேலே எழுதுங்கள். அதுதான் முதுகெலும்பு.

இப்போது, தூங்கிப் போய்விட்டீர்கள், வெளியேறப் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவற்றை விடுவீர்கள்? யாரும் ‘கிளம்புவது’ என்ற கொத்தை முழுசாக வெட்டமாட்டார்கள். ஒவ்வொரு கொத்திலும் கொஞ்சம் கொஞ்சம் விடுவார்கள். குளியல் முகம் கழுவுவதாகும், இட்லி வாழைப்பழமாகும். காலை சின்னதாகும், ஆனால் முழுக் காலையாகவே இருக்கும்.

மென்பொருளின் முதல் வெளியீடும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதே மேப்பின் சாரம். அலிஸ்டர் காக்பர்ன் இதையொத்த ஒன்றை ‘நடக்கும் எலும்புக்கூடு’ என்பார். சதை இல்லை, ஆனால் தலைமுதல் கால்வரை உண்டு, நடக்கும். பட்டியலின் மேலிருந்து வெட்டினால் கிடைப்பது அருமையாகச் செய்த ஒரு கை. மேப்பில் கிடைமட்டமாக வெட்டினால் கிடைப்பது மெலிந்த ஒரு முழு ஆள்.

2014-இல் வெளிவந்த பாட்டனின் புத்தகம் ஆரம்பத்திலேயே கேரி லெவிட் என்பவரின் கதையைச் சொல்கிறது. இசைக்கலைஞர். இசைக்குழுக்கள் தங்கள் ரசிகர்களுக்கு மின்னஞ்சல் விளம்பரம் அனுப்ப ‘மேட் மிமி’ என்ற சேவையைக் கட்டப் பார்த்தார். பட்டியலை வைத்துக்கொண்டு நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார், பொருள் மட்டும் உருவாகவில்லை. பாட்டன் அவரை உட்காரவைத்து, ‘யார் பயன்படுத்துவார்கள், முதலில் என்ன செய்வார்கள், அப்புறம்?’ என்று கேட்டு அட்டைகளைப் பரப்புகிறார். பரப்பிப் பார்த்தபிறகுதான் தன் கனவின் அகலம் தன் பணப்பையைவிட எவ்வளவு பெரிது என்று லெவிட்டுக்குத் தெரிகிறது. பெரும்பகுதியை ஒதுக்கிவைத்து ஒரு குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கிறார். மேட் மிமி பிழைத்தது. பின்னால் 2014-இல் கோடேடி நிறுவனம் அதை வாங்கியது.

அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிய மூவரில் ஒருவர் ஆலன் கூப்பர். கட்டிக்கொண்டே கற்போம் என்றவர்களோடு 2002-இல் மல்லுக்கு நின்ற அதே கூப்பர். இன்னொருவர் மார்ட்டின் ஃபௌலர், அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர். இரண்டு கட்சிகளும் ஒரே அட்டைக்குள் வந்துவிட்டன. பன்னிரண்டு வருஷ வாக்குவாதத்தை யாரும் ஜெயிக்கவில்லை. ஒரு சுவரும் கொஞ்சம் ஒட்டுத்தாளும் அதை வேறொன்றாக மாற்றியிருந்தன.

7

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

கம்பெனி எங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஆனால் கைமாற்றிக் கொடுக்க இரண்டு மாதம் இருந்தது. நான் பழுப்புத் தாள் ஒரு சுருளும் நாலு நிற ஒட்டுத்தாளும் வாங்கிக்கொண்டு மறுபடியும் அந்தக் கொட்டகைக்குப் போனேன். வரிசை கலைந்து, கேன்கள் வண்டியேறியபிறகு, தாளைத் தரையில் விரித்தோம். ஏஜென்ட் அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து, “மொதல்ல லைட்டு போடணும் தம்பி” என்று ஆரம்பித்தார். எங்கள் நூற்று நாற்பது வரிகளில் லைட் கிடையாது. கரண்ட் இல்லாத நாளில் மெஷின் ஓடாது, அன்றைக்கு முந்தைய நாள் ஃபேட்டை வைத்து விலை போடுவார், மறுநாள் சரிசெய்வார். அதுவும் எங்களிடம் கிடையாது.

கேன் வருவது, எடை, மாதிரி, பரிசோதனை, சீட்டு, வண்டி, பட்டுவாடா. ஏழு கொத்து. எடைக்கும் பரிசோதனைக்கும் நடுவில் ‘மாதிரி’ என்ற தாளை அவர் வைத்தபோது, “இங்க அஞ்சு குப்பி வரிசையா நிக்குமுங்க” என்று அஞ்சு தாளை அடுக்கடுக்காக ஒட்டினார். ஒரே நேரத்தில் ஐந்து அரைகுறைப் பதிவுகள். எட்டு மாதம் நாங்கள் பார்க்காதது அந்த ஐந்து தாள்களில் இருந்தது. ‘மாவட்டவாரி அறிக்கை’ என்ற தாளை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எனக்கில்லீங்களே” என்று கீழே, ரொம்பக் கீழே வைத்தார். மேலாளருக்கு அது வேண்டும்தான். ஆனால் மேலே உள்ள வரிசை நடக்காமல் அந்த அறிக்கையில் போட எண்ணே இருக்காது என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

மேப்புக்கு வரம்புகள் உண்டு. பயனர் இல்லாமல் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து போட்டால் அதுவும் கற்பனைதான், இரண்டு திசைகளில் விரிந்த கற்பனை. ஆயிரம் தாள் ஆனால் யாரும் படிக்கமாட்டார்கள். சுவரில் ஒட்டிவிட்டு மூன்று மாதம் தொடாமல் விட்டால் அது அலங்காரம். பாட்டன் ஆவணங்களைச் சுற்றுலாப் புகைப்படத்துக்கு ஒப்பிடுவார். போய் வந்தவருக்கு அந்தப் படம் முழுப் பயணத்தையும் திருப்பித் தரும், போகாதவருக்கு அது வெறும் கடற்கரை. மேப்பும் அப்படியே. கிரைஸ்லரில் ஒருவர் எழுந்து போனதும் கதை போனது. மேப் இருந்திருந்தால் கதை நிச்சயம் நின்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அவர் சொன்னபோது கூட இருந்தவர்கள், சுவரைப் பார்த்து ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

கடைசி இரண்டு மாதத்தில் அரைகுறைப் பதிவையும் சீட்டையும் மட்டும் எழுதி முடித்தோம். அழகான திரைகள் இல்லை, அறிக்கை இல்லை. அடுத்து வந்த நிறுவனம் அதை வைத்துக்கொண்டதா, தூக்கிப்போட்டதா என்று எனக்குச் சொன்னவர் யாருமில்லை. பழுப்புத் தாளை மட்டும் சுருட்டி எடுத்துவந்தேன். ஓரத்தில் பால் சிந்தி மஞ்சள் பூத்திருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் ஸ்டோரி எழுத ஆரம்பிக்கும்போது அதைத் தரையில் விரித்து, இந்த ‘லைட்டு போடணும்’ யார் எழுதியது தெரியுமா என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன்.